நாலு கிலோவும் ஒற்றைத் தோளும்

மெல்லிசைக் கச்சேரியில் பேஸ் கிட்டார்காரரை யாரும் அதிகம் பார்ப்பதில்லை. பாடகருக்குப் பின்னால், டிரம்ஸுக்குப் பக்கத்தில், வெளிச்சம் பாதி விழுகிற இடத்தில் நின்றுகொண்டிருப்பார். கொஞ்ச நேரம் அவரையே கவனித்தால் ஒன்று தெரியும். இரண்டு பாட்டுக்கு நடுவில் கிடைக்கிற அரை நிமிடத்தில் அவருடைய வலது கை கம்பியை விட்டு இடது தோளுக்குப் போகும். பெல்ட்டுக்கு அடியில் இரண்டு விரலை நுழைத்து, கழுத்துப் பக்கம் ஏறிவிட்டதைத் தோள் முனைக்குத் தள்ளும். அடுத்த பாட்டு முடிந்ததும் மறுபடி அதே வேலை.

குற்றவாளி பெரும்பாலும் கிட்டார் அல்ல, பெல்ட்தான். கிட்டார் வாங்கிய அன்று கடைக்காரர் உறையோடு சேர்த்து இலவசமாகப் போட்டுக் கொடுத்த 5 செ.மீ. அகலக் கறுப்பு நைலான் பட்டை. மரம் எது, பிக்கப் எது, கம்பி எந்தக் கம்பெனி என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறவர்கள்கூட, அந்தக் கருவி உடம்பில் உட்காருகிற இடத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் வீடு வந்து சேருகிறார்கள். கடைக்காரரும் சொல்வதில்லை, வாத்தியாரும் சொல்வதில்லை. வாத்தியார் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்; மாணவர் முதன்முதலாக நின்று வாசிப்பது மேடையில்தான்.

பேஸ்காரரின் தோளுக்கு இந்தச் சுமை வந்ததே பெரிய பழங்கதை அல்ல. அதற்கு முன் பேஸ் என்றால் ஆள் உயர டபுள் பேஸ். அடியில் ஒரு ஊன்றுகோல் இருக்கும். வாசிப்பவர் அணைத்துப் பிடித்தால் போதும், பாரத்தைத் தரை பார்த்துக்கொள்ளும். 1951-இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரிலிருந்து லியோ ஃபெண்டர் ‘பிரிசிஷன் பேஸ்’ என்ற ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வீணைக்கு மெட்டுகள் போல இதற்கு ஃப்ரெட்டுகள் உண்டு, சுருதி பிசகாமல் விழும். பெயரில் உள்ள துல்லியம் அதைத்தான் சொல்கிறது. அறையையே அடைத்துக்கொண்டு நின்ற வாத்தியம் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டது. அதுவரை தரை சுமந்ததைத் தோள் சுமக்க ஆரம்பித்தது. முதல் மாடலின் உடல் வெறும் பலகை மாதிரி. அதன் கூர் விளிம்பு விலாவில் அழுத்தும். 1954-இல்தான் அந்த விளிம்புகளைச் சரித்து இழைத்தார்கள்.

சாதாரணமாக ஒரு பேஸ் 3.5 கிலோவிலிருந்து 4.5 கிலோ வரை இருக்கும். இது அதிகமா, குறைவா? 2018 நவம்பரில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் புத்தகப் பைகளுக்கு எடை வரம்பு சொன்னபோது, எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 4.5 கிலோவுக்கு மேல் கூடாது என்றது. அந்தப் பை இரண்டு தோளிலும் பாதிப் பாதியாகத் தொங்குவது. பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்ததும் இறக்கி வைத்துவிடலாம். பேஸ்காரர் அதே எடையை ஒரே தோளில் மாட்டிக்கொண்டு, திருவிழாக் கச்சேரி என்றால் மூன்று நான்கு மணி நேரம் நிற்கிறார். விடிய விடியப் பாடச் சொல்லும் ஊர்களும் இருக்கின்றன.

எடையைப் பெல்ட் குறைக்காது. எடை விழும் பரப்பைத்தான் அதனால் கூட்ட முடியும். 5 செ.மீ. பட்டையை 9 செ.மீ. பட்டையாக மாற்றினால், அதே 4 கிலோ ஏறக்குறைய இரண்டு மடங்கு இடத்தில் பரவுகிறது. சதையில் அழுந்துவது கிட்டத்தட்டப் பாதியாகிறது. வலி வந்த பிறகு கிட்டாரையே விற்றுவிடலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் செய்ய வேண்டிய காரியம் இந்த நாலு சென்டிமீட்டர்தான். அதற்காக இன்னும் அகலம், இன்னும் அகலம் என்று போவதும் சரியல்ல. குறுகிய தோள் உள்ளவருக்கு 10 செ.மீ. பட்டையின் உள் ஓரம் கழுத்தை அறுக்கும்.

உள்ளே பஞ்சு வைத்தது நல்லதுதானே என்று கேட்பார்கள். கொஞ்சம் வைத்தால் நல்லது. தலையணை மாதிரி புசுபுசுவென்று இருப்பது ஒரு மணி நேரத்தில் அமுங்கி, நடுவில் ஒரு கயிறு ஓடுவது போல ஆகிவிடும். நியோப்ரீன் என்ற ரப்பர் துணியில் தைத்தவை வேறு ரகம். கடையில் மாட்டிப் பார்த்தவுடன் கிட்டார் பாதி எடை ஆகிவிட்டது போலத் தோன்றும். எடை எங்கேயும் போகவில்லை, பெல்ட் நீண்டு கொடுக்கிறது, அவ்வளவுதான். நின்ற இடத்திலேயே வாசிப்பவருக்கு அது சுகம். மேடையில் நடந்து ஆடி வாசிப்பவருக்கோ, அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் கருவி மேலும் கீழும் துள்ளும்.

அடுத்தது தலைக்கனம். மனிதருக்குச் சொல்கிற வசவு இந்தக் கருவிக்கு அப்படியே பொருந்தும். பேஸின் கழுத்து நீளம். கம்பியின் வாசிப்பு நீளமே 34 அங்குலம். அதன் முனையில் நாலு பெரிய உலோக டியூனிங் கீ. இந்தப் பக்கம் பெல்ட்டைப் பிடிக்கும் பட்டன் உடலுக்குள் தள்ளி இருந்தால், கையை விட்டதும் தலை தரையை நோக்கிச் சாயும். பிரிசிஷன் பேஸில் மேல் கொம்பு பன்னிரண்டாவது ஃப்ரெட் வரைக்கும் நீண்டு வந்து பட்டனைப் பிடித்துக்கொள்வதால் தராசு ஓரளவு நேராக நிற்கிறது. 1963-இல் வந்த கிப்சன் தண்டர்பேர்ட் பார்க்க அத்தனை அழகு, தலைக்கனத்துக்கும் அத்தனை பேர்போனது. 1980 வாக்கில் நெட் ஸ்டைன்பெர்கர் தலையே இல்லாத பேஸைச் செய்துவிட்டார். டியூனிங் எல்லாம் உடல் பக்கம் போய்விட்டது. தலை இல்லையென்றால் கனம் ஏது!

தலை சாய்கிற பேஸை வைத்திருப்பவரின் இடது கை இரண்டு வேலை செய்கிறது: கழுத்தைத் தாங்கவும் வேண்டும், ஸ்வரத்தையும் பிடிக்க வேண்டும். இளையராஜாவின் பல பாடல்களில் பேஸ், பாட்டுக்குள் இன்னொரு பாட்டாக ஓடும். ஒலிப்பதிவில் அதை வாசிப்பவருக்கு நாற்காலி உண்டு. மேடையில் அதே வரியை நின்றுகொண்டு வாசிப்பவருக்கு அந்தக் கையை வேறு எதற்கும் கடன் கொடுக்க முடியாது.

இங்கேதான் இலவச நைலானின் சாயம் வெளுக்கிறது. பாலியெஸ்டர் சட்டையின் மேல் நைலான் வழுக்கும். கார் சீட் பெல்ட் துணியில் தைத்தவை பார்க்க மிடுக்கு. வழுக்குவதிலும் அவையே முதலிடம். உள் பக்கம் ஸ்வேட் தோல் வைத்த பெல்ட் சட்டையைப் பிடித்துக்கொள்ளும், தலை சாய விடாது. தலைக்கனம் பிடித்த பேஸுக்குப் புதுக் கிட்டார் தேடுவதற்கு முன், ஸ்வேட் பெல்ட் ஒன்றை மாட்டிப் பார்ப்பது புத்திசாலித்தனம். தோலுக்கும் குறை உண்டு. சித்திரை மாதக் கச்சேரி முடிந்து வேர்வையில் ஊறிய பெல்ட்டை அப்படியே பெட்டிக்குள் வைத்து மூடினால், அடுத்த கச்சேரிக்கு எடுக்கும்போது பூசணம் பூத்திருக்கும். மின்விசிறிக் காற்றில் ஒரு இரவு தொங்கவிட்டால் போதும். வெள்ளைச் சட்டையில் சாயம் ஒட்டுமா என்பதை மேடைக்கு முன்பே வீட்டில் பார்த்துக்கொள்வதும் நல்லது.

எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுவது? இதில்தான் சண்டை அதிகம். ரமோன்ஸ் குழுவின் டீ டீ ரமோனும், ஜாய் டிவிஷன், நியூ ஆர்டர் குழுக்களின் பீட்டர் ஹுக்கும் பேஸைத் தொடைவரை இறக்கி வாசித்தார்கள். லெவல் 42 குழுவின் மார்க் கிங் நெஞ்சுக்கு ஏற்றி வைத்துக் கட்டைவிரலால் தட்டினார். புகைப்படத்தில் முதல் இருவர் கம்பீரம்; மார்க் கிங்கைப் பார்த்தால் கைக்குழந்தையை ஏந்தியவர் ஞாபகம் வரும். பதினாறு வயதுப் பையன் யாரைப் பின்பற்றுவான் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் மணிக்கட்டுக்குப் புகைப்படம் தெரியாது. பேஸ் கீழே இறங்க இறங்க, இடது மணிக்கட்டு மடங்கித்தான் விரல்களைக் கம்பிக்குக் கொண்டுபோக முடியும். விரல்களுக்குப் போகும் ஒரு முக்கிய நரம்பு மணிக்கட்டின் குறுகிய சந்து வழியாகத்தான் போகிறது. மணிக்கட்டு மடங்கியே இருந்தால் அந்தச் சந்தில் அழுத்தம் ஏறும். விரல் மரத்துப்போவதும் ஊசி குத்துவது போல இருப்பதும் இப்படித்தான் ஆரம்பிக்கும். தாழ்வாக மாட்டி வாசித்து நல்லபடியாக இருந்தவர்கள் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. அவர்களைக் காட்டி, கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் அதுவே சரி என்று விட்டுவிடுவதுதான் தவறு. ஸ்டைல் வேண்டுமென்றால் சட்டையில் வைத்துக்கொள்ளலாம்.

பத்திரமாக இருக்கிறதா என்பது தனி விஷயம். பெல்ட் முனையில் உள்ள பொத்தான் துளை நாளடைவில் இளகிப்போகும். வாசிப்பவர் குனிந்து ஆம்ப்ளிஃபயரைத் திருகும்போது பெல்ட் ஒரு கணம் தளர்கிறது. அந்த ஒரு கணத்தில் முனை பட்டனை விட்டு நழுவிவிடும். பிறகு ஆம்ப்ளிஃபயர் தருகிற ‘டும்’ சத்தம் கடைசி வரிசைக்கும் கேட்கும். 1992-இல் எம்டிவி விருது விழா மேடையில் நிர்வாணா குழுவின் கிறிஸ்ட் நோவசெலிச் பேஸை மேலே தூக்கி எறிந்து, அது திரும்பி வந்து அவர் நெற்றியிலேயே விழுந்தது. அதற்கு எந்தப் பெல்ட்டும் பொறுப்பேற்க முடியாது. மற்ற விபத்துகளைத் தடுக்கலாம்.

பெல்ட்டில் ஒரு துண்டும் கிட்டாரில் ஒரு துண்டுமாகப் பூட்டிக்கொள்ளும் ஸ்ட்ராப் லாக்குகளை ஜெர்மனியின் ஷாலர், அமெரிக்காவின் டன்லப் போன்ற கம்பெனிகள் செய்கின்றன. ஒன்றின் துண்டு இன்னொன்றோடு சேராது என்பதை வாங்கும்போதே நினைவில் வைக்க வேண்டும். பெல்ட் பக்கத்து நட்டு மெல்ல மெல்ல இளகக்கூடியது; மாதம் ஒருமுறை விரலால் திருகிப் பார்த்துவிடலாம். இவ்வளவு செலவு வேண்டாம் என்பவர்களுக்கு ஏழை வீட்டு வைத்தியம் ஒன்று. டச்சு பீரான குரோல்ஷ் பாட்டிலின் மூடியில் இருக்கும் தடித்த ரப்பர் வளையத்தை, பெல்ட் மாட்டிய பிறகு பட்டனின் மேல் இழுத்து மாட்டிவிடுவார்கள். பெல்ட் கழன்று வராது. பீர் குடிக்காதவர்களுக்கு, பட்டன் தலைமேல் இழுத்து மாட்டும் அளவில் துளையுள்ள குழாய்க்கடை வாஷர் இருக்கவே இருக்கிறது.

எந்தப் பூட்டுப் போட்டாலும் அதைப் பிடித்திருப்பது மரத்தில் இறங்கிய ஒரு சின்னத் திருகாணிதான். அது ஆடினால் பெல்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. திருகாணியைக் கழற்றிவிட்டு, தலை கிள்ளிய இரண்டு மூன்று தீக்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்து ஓட்டைக்குள் இறுகச் செருக வேண்டும். ஒரு ராத்திரி காய விட வேண்டும். காலையில் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பிளேடால் மட்டமாக வெட்டி, திருகாணியில் கொஞ்சம் மெழுகு தடவி, கையால் மெதுவாக முறுக்கினால் புது மரத்தில் இறங்குவது போல இறுகும். மின்சார டிரில்லை அதன் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

வயருக்கும் பெல்ட்டில் ஒரு வேலை உண்டு. ஜாக்கில் செருகுவதற்கு முன் வயரைப் பெல்ட்டுக்கும் உடலுக்கும் நடுவில் ஒரு சுற்று விட்டு எடுத்தால், மேடையில் யாராவது மிதித்தாலும் இழுப்பு பெல்ட்டோடு நின்றுவிடும்.

எல்லாவற்றையும் செய்தும் தோள் வலித்தால் பெல்ட்டை விட்டுவிட்டுக் கிட்டாரைப் பார்க்க வேண்டியதுதான். பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய ஹோஃப்னர் வயலின் பேஸ் உள்ளே கூடானது. எடை ஏறக்குறைய இரண்டரை கிலோதான். 1972-இல் திருடுபோன அந்தக் கருவி கிடைத்துவிட்டது என்ற செய்தி 2024 பிப்ரவரியில் வெளியானது. இடையில் 1963-இல் அவர் கைக்கு வந்த இன்னொரு ஹோஃப்னரை எண்பது வயதைத் தாண்டியும் மேடையில் தோளில் மாட்டி வாசிக்கிறார். சின்னப் பிள்ளைகளுக்கும் இப்படி 30 அங்குல வாசிப்பு நீளமுள்ள பேஸ்கள் பொருத்தம். அவர்களுக்கான பெல்ட் எத்தனை நீளம் என்பதைவிட எத்தனை குட்டையாக்க முடியும் என்று பார்த்து வாங்க வேண்டும். பெரியவர்களுக்குத் தைத்ததைக் கடைசித் துளைவரை இழுத்தாலும் பேஸ் முழங்காலுக்கு வந்துவிடும்.

படத்தைப் பார்த்து ஆன்லைனில் பெல்ட் வாங்குவது, பேரைப் பார்த்துச் செருப்பு வாங்குவது மாதிரி. கடைக்குப் போகும்போது சொந்தப் பேஸை எடுத்துப் போய், மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் நிற்க வேண்டும். முதல் ஐந்து நிமிடத்தில் எல்லாப் பெல்ட்டும் சுகமாகத்தான் இருக்கும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மனதுக்குப் பிடித்தது கிடைக்காவிட்டால் தைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஆம்பூரும் வாணியம்பாடியும் தோலுக்குப் பேர்போன ஊர்கள்; கைப்பை தைக்கிற எவருக்கும் 9 செ.மீ. அகலத்தில் இரண்டு தோல் பட்டைகளைச் சேர்த்துத் தைப்பது பெரிய வேலை இல்லை. அவரிடம் சொல்ல வேண்டியது நீளம் ஒன்றுதான். அதற்கு நாற்காலியில் உட்கார்ந்து, கை மடங்காமல் வாசிக்க வருகிற இடத்தில் பேஸை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பாவாடை நாடா ஒன்றை ஒரு பட்டனில் கட்டி, முதுகு வழியாகத் தோளைச் சுற்றிக் கொண்டுவந்து, மற்றொரு பட்டனில் முடிச்சுப் போட வேண்டும். எழுந்து நின்றாலும் பேஸ் உட்கார்ந்தபோது இருந்த இடத்திலேயே இருந்தால், அந்த நாடாவை அவிழ்த்து அப்படியே அவரிடம் கொடுத்துவிடலாம்.