எஞ்சினைக் குறை சொல்லுமுன் விசிறியைப் பாருங்கள்

விசைப்படகு ஒன்று நீரைக் கிழித்துக்கொண்டு விரைவதைப் பார்க்கும்போது நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வி, "எஞ்சின் எத்தனை குதிரைத்திறன்?" என்பதுதான். "பின்னால் சுழலும் விசிறி எப்படிப்பட்டது?" என்று கேட்பவர் மிகச் சிலரே. இந்த வரிசை தவறு என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். படித்தபின் நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்.

எஞ்சின் ஒரு தண்டைச் சுழற்றுகிறது. அதன் வேலை அத்தோடு முடிந்தது. அந்தச் சுழற்சியை முன்னோக்கிய தள்ளுதலாக மாற்றுவது, நீருக்குள் மறைந்து நிற்கும் உந்துவிசிறி. படகோட்டிகள் இதைப் புரொப்பெல்லர் என்பார்கள். விசிறியின் இதழ்கள் நீரைப் பின்னோக்கித் தள்ளுகின்றன. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி நீர் படகை முன்னோக்கித் தள்ளுகிறது. இந்த இடத்தில் கோளாறு ஏற்பட்டால் எஞ்சினின் ஆற்றல் முழுவதும் நீரைக் கலக்குவதிலேயே வீணாகிவிடும்.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் திருகளவியைக் கையாண்டிருப்பீர்கள். அதன் தலையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் திருகு முன்னேறும் தொலைவு, புரியிடைத் தூரம். உந்துவிசிறியும் ஒரு திருகுதான். நீர் மரத்தைப்போலக் கெட்டியாக இருந்தால், ஒரு சுற்றில் விசிறி எவ்வளவு முன்னேறுமோ அதுவே அதன் புரியிடைத் தூரம். விசிறியின் நடுக்குடத்தில் பெரும்பாலும் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் விட்டம். இரண்டாவது புரியிடைத் தூரம். இரண்டும் அங்குலத்தில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? எஞ்சின் நிமிடத்துக்கு 5500 சுற்றுச் சுற்றுகிறது. பற்சக்கரங்கள் அதைப் பாதியாகக் குறைத்து விசிறிக்கு 2750 சுற்றுகளைத் தருகின்றன. புரியிடைத் தூரம் 19 அங்குலம், அதாவது 0.4826 மீட்டர். பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1327 மீட்டர், மணிக்கு 79.6 கிலோமீட்டர். ஆனால் படகு உண்மையில் 70 கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 9.6 கிலோமீட்டர் எங்கே போயிற்று? நீர் நெகிழ்ந்து கொடுப்பதால் விசிறி நழுவுகிறது. இந்த நழுவல் சுமார் 12 விழுக்காடு. நழுவலை அடியோடு ஒழிக்கலாமே என்று எண்ணாதீர்கள். சாதாரண விசிறி நீரைப் பின்னோக்கித் தள்ளவேண்டுமானால் சிறிதளவேனும் நழுவியே ஆகவேண்டும். அளவுக்கு மீறி நழுவினால்தான் ஐயப்பட வேண்டும்.

அப்படியானால் புரியிடைத் தூரம் மிகுந்த விசிறியை மாட்டினால் வேகம் கூடுமா? பல பற்சக்கரங்கள் உள்ள சைக்கிளை நினைத்துப் பாருங்கள். மிகப் பளுவான கியரில் மேடேறினால் கால் சோர்ந்துவிடும். மிக இலேசான கியரில் சமவெளியில் ஓட்டினால் கால் வீணாகச் சுழலும். படகிலும் அதே கதைதான். புரியிடைத் தூரம் மிகுந்தால் எஞ்சின் தன் உரிய சுற்றுகளை எட்ட முடியாமல் திணறும். குறைந்தால் எல்லை மீறிச் சுழன்று தேய்ந்துபோகும். எனவே, வழக்கமான சுமையுடன் முழு விசையில் ஓட்டும்போது, எஞ்சினைச் செய்தவர் குறித்துள்ள சுற்றெண்ணுக்குள் நிற்கச் செய்யும் விசிறியே பொருத்தமான விசிறி. வெளிப்புற எஞ்சின்களில் புரியிடைத் தூரம் ஓர் அங்குலம் மாறினால், எஞ்சினின் வேகம் பொதுவாக 150 முதல் 200 சுற்றுகள்வரை மாறும். பெரிய எஞ்சின் வாங்கச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பகுதியைச் சரியான விசிறிக்குச் செலவிட்டால் எரிபொருளும் மிஞ்சும், எஞ்சினும் நெடுநாள் உழைக்கும்.

என் கருத்துக்கு வரலாற்றிலேயே ஒரு சாட்சி உண்டு. நீராவி டர்பைனைக் கண்டுபிடித்த சார்லஸ் பார்சன்ஸ், அதன் திறமையைக் காட்ட இங்கிலாந்தில் 1894ஆம் ஆண்டு 'டர்பினியா' என்ற படகைக் கட்டினார். நீளம் 30 மீட்டருக்குச் சற்று அதிகம். எடை சுமார் 44 டன். எதிர்பார்ப்போ பெரிது. ஆனால் ஒற்றைத் தண்டுடன் செய்த சோதனைகளில் மணிக்கு 20 கடல் மைல் வேகத்தைக்கூட அது எட்டவில்லை. விசிறிகளை மாற்றி மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

இந்நிலையில் வேறொருவர் என்ன செய்திருப்பார்? இன்னும் பெரிய டர்பைனுக்கு ஏற்பாடு செய்திருப்பார்! பார்சன்ஸ் முதலில் அளந்தார். டர்பைனுக்கும் விசிறித் தண்டுக்கும் இடையே ஒரு சுருள்வில் அளவியைப் பொருத்தி, தண்டுக்கு உண்மையில் எவ்வளவு முறுக்கு விசை வருகிறது என்று கண்டார். விடை தெளிவாக இருந்தது: டர்பைன் தன் கடமையைச் செய்கிறது, குற்றவாளி விசிறியே.

விசிறி செய்த குற்றந்தான் என்ன? மலைமேல் காற்றழுத்தம் குறைவதால் நீர் 100 டிகிரிக்கு முன்பே கொதிப்பதை அறிவீர்கள். அழுத்தம் மிகவும் குறைந்தால் குளிர்ந்த நீரும் கொதிக்கும். மிக விரைவாகச் சுழலும் இதழின் முதுகுப்புறத்தில் அழுத்தம் அவ்வளவு தாழ்ந்துவிடுகிறது. அங்கே நீராவிக் குமிழ்கள் திரள்கின்றன. நீருக்குப் பதில் குமிழ்களைப் பிடித்துத் தள்ள முடியுமா? உந்துவிசை சரிகிறது. குமிழ்கள் உடையும் அதிர்ச்சியில் உலோக இதழ்களும் அரிக்கப்படுகின்றன. இதற்குக் கேவிட்டேஷன் என்று பெயர்.

இதை நேரில் காண, 1895இல் பார்சன்ஸ் ஒரு சிறு நீர்ச்சுற்றுத் தொட்டி செய்தார். அதற்குள் 2 அங்குல விட்டமுள்ள பொம்மை விசிறி! பம்பினால் காற்றழுத்தத்தைக் குறைத்து, விட்டுவிட்டு விழும் ஒளியில் குமிழ்கள் பிறப்பதைக் கண்ணால் கண்டார். பிறகு ஒற்றை டர்பைனை நீக்கி மூன்று டர்பைன்கள், மூன்று தண்டுகள், தண்டுக்கு மூன்றாக ஒன்பது விசிறிகள் என்று அமைத்தார். சுமை பல இதழ்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1897 ஜூன் 26 அன்று ஸ்பிட்ஹெட்டில் நடந்த கடற்படை அணிவகுப்பில் டர்பினியா காவற்படகுகளை ஏமாற்றிவிட்டுப் பாய்ந்து ஓடியது. அது எட்டிய வேகம் மணிக்கு 34.5 கடல் மைல். ஏறத்தாழ 64 கிலோமீட்டர்.

உலகம் அந்த ஓட்டத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. நானோ அந்தச் சிறு தொட்டியையே பெரிதாக மதிக்கிறேன்.

"இன்று கணினியே எல்லாவற்றையும் கணக்கிட்டுவிடுகிறதே!" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். கணினி முயற்சிகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறது, சோதனையை ஒழித்துவிடவில்லை. விசாகப்பட்டினத்திலுள்ள கடற்படை அறிவியல் தொழில்நுட்ப ஆய்வகத்தில் விசிறி மாதிரிகளைச் சோதிக்கும் கேவிட்டேஷன் சுரங்கம் இருக்கிறது. பார்சன்ஸின் தொட்டிக்கு அதைக் கொள்ளுப்பேரன் எனலாம்.

நண்பர்களே, அடுத்த அறிவியல் கண்காட்சிக்கு மின்மோட்டார் படகு செய்ய எண்ணினால், பெரிய மோட்டாரைத் தேடி ஓடாதீர்கள். மெல்லிய தகட்டில் மூன்று விசிறிகள் வெட்டுங்கள். இதழ்களின் சாய்வை மட்டும் வெவ்வேறாக வளையுங்கள். அதே மோட்டார், அதே புது மின்கலம், அதே சுமை. காற்றின் விளைவு நீங்க, ஒவ்வொன்றையும் போகவும் வரவும் ஓட்டி நேரத்தைக் குறித்துச் சராசரி எடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதை அளந்து பாருங்கள். எந்த விசிறி வென்றது என்பதைவிட, ஏன் வென்றது என்று நடுவரிடம் உங்களால் சொல்ல முடிகிறதா என்பதே முக்கியம்.