ஜாவா இல்லையாம்!

‘லினக்ஸ் நமக்குச் சரிப்படாது, அது மேதாவிகளின் சரக்கு’ என்று ஒரு கட்சி நம் ஊரில் உண்டு. ‘லினக்ஸில் குறையே கிடையாது, குறை உன் மூளையில்தான்’ என்று சொல்லும் எதிர்க்கட்சியும் உண்டு. இரண்டு கட்சியோடும் எனக்கு வழக்கு இருக்கிறது.

முத்தியால்பேட்டையில் என் அடுத்த வீட்டுப் பெண் கணினி படிக்கிறாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பாடத்துக்காக ஒரு மென்பொருளைத் தன் லினக்ஸ் கணினியில் நிறுவப் போனாள். அதன் பெயர் இங்கே வேண்டாம். ‘ஜாவாவைக் காணோம்’ என்று சொல்லி அது நின்றுவிட்டது. கணினியைக் கேட்டால், ‘ஜாவா இருக்கிறது, பதிப்பு 17’ என்கிறது. மூன்று இரவு போராடிவிட்டு என்னிடம் வந்தாள். “எனக்கு இதுக்கெல்லாம் மூளை போதாது, தாத்தா. கடையில குடுத்து லினக்ஸையே அழிச்சிடறேன்” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது, அவள் மீதல்ல.

விஷயம் இதுதான். 1995இல் சன் நிறுவனம் ஜாவாவை வெளியிட்டபோது, ஒரு முறை எழுதிய நிரல் எந்த இயந்திரத்திலும் ஓடும் என்று வாக்களித்தது. ஆனால் அந்த இயந்திரத்தில் ஜாவா குடியிருக்க வேண்டும். அதன் விலாசத்தை ‘ஜாவா ஹோம்’ என்ற பெயரில் எழுதி வைக்க வேண்டும் என்று பல மென்பொருள்கள் எதிர்பார்க்கின்றன. நாம் தட்டச்சு செய்யும் கட்டளை வேறொரு பட்டியலைப் பார்த்து ஜாவாவைக் கண்டுபிடித்துவிடும். இந்த மென்பொருளோ ‘ஜாவா ஹோ’மை மட்டுமே பார்க்கும். வீட்டில் ஆள் இருக்கிறான். வாசலில் பலகை இல்லை. அதற்கு ‘ஆளே இல்லை’ என்று சாதிப்பதா?

யாரோ கொடுத்த வரியை அவள் நகலெடுத்து ஒட்டினாள். அது பழைய 11ஆம் பதிப்பின் விலாசம். உடனே மென்பொருள், ‘எனக்கு 61 வேண்டும், உன்னிடம் 55 வரைதான் இருக்கிறது’ என்றது. இந்த எண்ணில் 44ஐக் கழித்தால் பதிப்பு எண் கிடைக்கும்: 61 என்றால் 17, 55 என்றால் 11. ‘பதிப்பு 17 வேண்டும்’ என்று நேராகச் சொல்ல நாக்கு வளையாதா? விலாசத்தைத் திருத்தியதும் அவள் பெயரில் ஓடிற்று. நிர்வாகி அதிகாரம் தரும் ‘சூடோ’வைச் சேர்த்து நிறுவினால், மறுபடியும் ‘ஜாவாவைக் காணோம்’! சூடோ, பாதுகாப்புக்காக, பயனர் எழுதி வைத்த விலாசங்களைப் பெரும்பாலும் உதறிவிட்டுத்தான் உள்ளே போகும். காரணம் நல்ல காரணம்தான். அதைச் சொல்லாமல் விட்டது நல்ல காரியமா?

புதுச்சேரிக்காரனுக்கு இது புரியும். 1954இல் ஊர் கைமாறிய பிறகு வீதிகளும் பெயர் மாறின. டூப்ளே வீதி நேரு வீதி ஆயிற்று. பழைய பெயரைச் சொல்லி ஒருவர் வழி கேட்டால், ‘அப்படி ஒரு வீதியே இல்லை’ என்று நம் ரிக்‌ஷாக்காரர் விரட்டியதுண்டா? ‘இப்போ அது நேரு வீதிங்க’ என்று கொண்டுபோய் விட்டார். அந்த மரியாதையைத்தான் மென்பொருள் எழுதுகிறவர்களிடம் கேட்கிறேன்.

‘இலவசமாகக் கொடுத்தவரைக் குறை சொல்லலாமா?’ என்பார்கள். சன் நிறுவனம் 2006இல் ஜாவாவின் மூலநிரலைத் திறந்துவிடத் தொடங்கியதால்தான் இந்தப் பெண் காசில்லாமல் படிக்கிறாள். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் அன்னதானம் என்பதற்காக இலை போடாமல் தரையில் சோறு வைப்பார்களா?

மூன்று வரி போதும்: எந்தப் பதிப்பு வேண்டும், எங்கே தேடினேன், என்ன கிடைத்தது. இதை எழுதச் சோம்பிய ஒருவரின் அரைமணி நேரம் மிச்சமாயிற்று. அதற்காக ஒரு பெண் தன் மூளையையே சந்தேகித்தாள்.

விலாசத்தைச் சூடோ கட்டளையின் வரியிலேயே சேர்த்து எழுதச் சொன்னேன். அன்றிரவே மென்பொருள் ஓடிற்று. “இவ்வளவுதானா, தாத்தா?” என்றாள். இவ்வளவுதான், அம்மா. நாளைக்கு நீ மென்பொருள் எழுதும்போது அந்த மூன்று வரியையும் எழுதிவிடு.