காசிக்குப் பேரக் குழந்தைகளும் வரலாமா?

பல குடும்பங்களின் கல்யாணங்களில் மாப்பிள்ளை குடையும் கைத்தடியும் விசிறியுமாகக் காசிக்குப் புறப்படுகிறார். பெண்ணின் தகப்பனார் வழிமறித்து, இல்லறத்தை ஏற்க வேண்டுமெனக் கேட்டுக்கொண்டு அழைத்து வருகிறார். வேடிக்கையாகத் தோன்றும் இச்சடங்கில் ஒரு பழைய உண்மை உறைந்திருக்கிறது. காசிக்குப் போவது என்றால் அந்நாளில் குடும்பத்தை விட்டுப் போவது என்றே பொருள். சொத்துக்களைப் பிரித்துக் கொடுத்து, உற்றாரிடம் விடைபெற்றுக் கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் சென்றவர்கள், திரும்பி வருவோம் என்ற எண்ணத்துடன் செல்லவில்லை. குழந்தைகளை உடன் அழைத்துச் செல்வதா என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

இன்று சென்னையிலிருந்து நேர் விமானம் கிடைத்தால் இரண்டரை மணி நேரத்தில் காசியின் விமான நிலையமான பாபத்பூரில் இறங்கிவிடலாம். கங்கா காவேரி விரைவு ரயிலில் ஏறினால் இரண்டு இரவுகள். பாதை எளிதானதும் பழைய கேள்வி புதிய உருவில் வீட்டுக்குள் வந்துவிட்டது. தாத்தாவும் பாட்டியும் காசிக்குப் புறப்படுகிறார்கள். பேரன், பேத்தியும் வரட்டுமா, வேண்டாமா?

சாஸ்திரத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் விடை கடினமன்று. காசி, பிரயாகை, கயை மூன்றையும் சேர்த்துச் செய்யும் யாத்திரையின் நடுநாயகம் பித்ரு காரியம். அதில் சிறு குழந்தைக்குச் செய்ய வேண்டிய கடமை ஏதுமில்லை. வராவிட்டால் குறையும் இல்லை. ஆயினும் குழந்தைகளுக்குக் காசியில் இடமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. ஐந்து வயதுவரை பேச்சு வராத தங்கள் பிள்ளையை ஸ்ரீவைகுண்டத்துப் பெற்றோர் திருச்செந்தூருக்கு எடுத்துச் சென்று, முருகன் சந்நிதியில் நோன்பிருந்தனர். அங்கே வாய் திறந்து பாடிய அந்தக் குழந்தையே பிற்காலத்தில் காசியில், கேதார் கட்டத்தில், மடம் நிறுவிய குமரகுருபரர். தந்தையை இழந்த சுப்பிரமணிய பாரதி, அத்தையின் ஆதரவில் அனுமன் கட்டத்தில் வாழ்ந்து படித்தபோது பதின்வயதுப் பிள்ளைதான்.

அப்படியானால் கேள்வி சாஸ்திரம் பற்றியது அன்று. உடல், பருவம், மனம் ஆகிய மூன்றையும் பற்றியது.

கும்பகோணத்தை அடுத்த ஓர் ஊரில், எழுபத்து மூன்று வயதான ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் இல்லத்தில் இவ்விவாதம் இரண்டு மாதங்கள் நடந்தது. பேத்திக்கு ஏழு வயது, பேரனுக்கு மூன்றரை. பேரனுக்கு மார்கழிப் பனி பட்டாலே இளைப்பு வந்துவிடும். "நான்கு வருஷம் போகட்டும், மாமா, குழந்தை கொஞ்சம் தேறட்டும்" என்றாள் மருமகள். "நான்கு வருஷத்தில் அவன் தேறிவிடுவான், அம்மா. என் முழங்கால் தேறாதே" என்றார் பெரியவர். இருவர் சொன்னதிலும் பிழை இல்லை. காசி என்றும் அங்கேயே இருக்கும். தாத்தாவின் விரலைப் பிடித்துக்கொண்டு அதைக் காணும் வாய்ப்பு மட்டும் என்றும் இராது. இறுதியில் முடிவு செய்தவர் பாட்டி. பேத்தி வருவாள், பேரனும் அவன் தாயும் ஊரிலேயே இருப்பார்கள், யாத்திரை தை மாதத்தில் அன்று, மாசியில். பெரியவருக்கு இது முழு நிறைவைத் தரவில்லை. மருமகளுக்கும் காசி தரிசனம் கைநழுவிப் போனதில் வருத்தம்தான். எனினும் இளைப்புள்ள குழந்தையை முன்னிட்டு எடுத்த இம்முடிவு சரியானதே.

பருவத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலான குடும்பங்கள் சறுக்குகின்றன. காரணம், யாத்திரையைப் பள்ளி விடுமுறையோடு முடிச்சுப் போடுவது. மே மாத விடுமுறையில் காசியின் வெயில் நாற்பது பாகையைத் தாண்டி நிற்கும். நண்பகலில் படித்துறைக் கற்களில் பெரியவர்களே கால் வைக்க இயலாது. ஆடியை ஒட்டி வடநாட்டவரின் சிராவண மாதம். திங்கட்கிழமைகளில் காவடி சுமந்து வரும் அடியார்களால் நகரமே நிரம்பிவிடும். அடுத்து வரும் மழை நாட்களில் கங்கை பெருகிப் படித்துறைகள் மூழ்கும், படகு நிற்கும், மாலை ஆரத்தியே மாடிக்கு இடம்பெயர்வதுண்டு. அரையாண்டு விடுமுறையிலும் பொங்கல் விடுமுறையிலும் பனிமூட்டம். ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். காற்றில் பனியோடு புகையும் கலந்திருக்கும். பொங்கலை ஒட்டிப் பிரயாகையில் மாக மேளாக் கூட்டம் வேறு. எஞ்சுவது காலாண்டு விடுமுறை. வெள்ளம் வடிந்திருந்தால் அது ஏற்றதே. ஆனால் நவராத்திரியோடு சேர்ந்துவிட்டால் நெரிசல் மிகும்.

உண்மையில் நல்ல காலம் நவம்பரும், பிப்ரவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரையும். நவம்பரில் கார்த்திகைப் பௌர்ணமியன்று வரும் தேவ தீபாவளியும், பிப்ரவரி, மார்ச்சில் மகா சிவராத்திரியும் காணக் கிடைக்காத காட்சிகள். குழந்தைகளோடு செல்பவர்கள் அந்நாட்களைத் தவிர்ப்பது நலம். இம்மாதங்களில் பள்ளி இருக்குமே என்பார்கள். இரண்டாம் வகுப்புக் குழந்தை ஐந்து நாட்கள் விடுப்பு எடுத்தால் குடி முழுகிவிடாது.

பயணச் செலவில் ஒரு கணக்கு. ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு ரயிலில் கட்டணம் இல்லை, படுக்கையும் இல்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருந்தால் படுக்கை வேண்டாதவர்களுக்குப் பாதிக் கட்டணம். படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். இலவசம் என்றதும் மகிழ்ந்து, நான்கு வயதுக் குழந்தையைப் பாட்டியின் படுக்கையிலேயே போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். இரண்டு இரவுகள் உறங்காத பாட்டி மூன்றாம் நாள் காலையில் விசுவநாதரைத் தரிசிக்கும் வரிசையில் நிற்க வேண்டும். வீட்டின் மொத்த யாத்திரைச் செலவோடு ஒப்பிட்டால் ஒரு படுக்கையின் கட்டணம் பெரிய தொகையன்று. முழுக் கட்டணம் செலுத்திக் குழந்தைக்கும் ஒரு படுக்கை வாங்கிவிடுவதே சிக்கனம்.

கோயிலைப் பொறுத்தவரை இன்று நிலைமை பெரிதும் மேம்பட்டிருக்கிறது. அகல்யாபாய் ஹோல்கர் 1780-இல் எழுப்பிய கோயில், நெடுங்காலம் வீடுகளும் கடைகளும் நெருக்கிய சந்துகளுக்குள் ஒளிந்திருந்தது. 2021 டிசம்பர் 13 அன்று திறக்கப்பட்ட புதிய வளாகம் சுமார் 5 லட்சம் சதுர அடி. கங்கைக் கரையிலிருந்தே படியேறி வரலாம். குழந்தை சற்றே ஓடியாடவும் இடம் உண்டு. ஆனால் வரிசை நீளமானது. கோயில் நிர்வாகம் கட்டணம் பெற்று அளிக்கும் 'சுகம் தரிசன'ச் சீட்டு, கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் உதவியானது. இறைவனைக் காணக் கட்டணமா என்று மனம் சுளிப்பவர்கள், அதை வாங்காமலேயே மூன்று மணி நேரம் நிற்கலாம். குழந்தையை நிற்க வைப்பது நியாயமன்று.

கங்கையில் நீராடல் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பாசி படிந்த படிகள் வழுக்கும். படிக்கு அப்பால் ஆழம் சட்டென்று கூடும். குழந்தையைத் தாய் தந்தையர் இறுகப் பிடித்துக்கொண்டு, சொம்பில் முகந்து தலையில் விட்டாலே போதும். தலையில் புரோட்சித்துக்கொள்வதும் நீராடியதற்கு ஒப்பாகும் என்று இயலாதவர்களுக்குப் பெரியோர் வழிவிட்டிருக்கிறார்கள். தீர்த்தமாயிற்றே என்று மூன்று முறை உள்ளங்கையில் வார்த்துக் குடிக்கக் கொடுப்பது மட்டும் வேண்டாம். ஊரின் பெயருக்கே காரணமாகச் சொல்லப்படும் வருணையும் அசியும் நகரத்தின் கழிவைச் சுமந்துகொண்டு கங்கையில் கலந்து வந்திருக்கின்றன. கங்கையின் புனிதத்துக்கு இதனால் குறையில்லை. குழந்தையின் வயிறோ அதை அறியாது. பாட்டிமார் பலருக்கு இது மனத்தாங்கலாக இருக்கும். இருந்தாலும் மருமகள் தடுத்தால் வாதாட வேண்டாம்.

எல்லாவற்றிலும் கடினமானது மயானக் காட்சி. நம்மவர்கள் பலர் தங்குவது அனுமன் கட்டத்தில். அங்கிருந்து ஆற்றோரமாகவே கேதாரேசுவரர் கோயிலுக்கு நடந்தால் இடையில் அரிச்சந்திர கட்டம் வந்தே தீரும். இரவும் பகலும் சிதை எரியும் துறை அது. வடக்கே மணிகர்ணிகையிலும் அவ்வாறே. நம் ஊரில் குழந்தைகளை மயானத்தின் பக்கமே விடுவதில்லை. காசியிலோ அது ஊரின் நடுவே, ஆற்றின் முகத்திலேயே இருக்கிறது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளோடு செல்பவர்கள் படிக்கட்டுப் பாதையை விட்டு மேலே உள்ள தெரு வழியாகக் கேதாரம் செல்லலாம். படகோட்டியிடமும் மணிகர்ணிகைக்கு அருகே படகை நிறுத்த வேண்டாமென்று முன்னரே சொல்லிவிடலாம்.

அப்படியும் கண்ணில் பட்டுவிட்டால் என்ன செய்வது? முகத்தை மூடுவதும், 'அங்கே பார்க்காதே' என்று அதட்டுவதும் அச்சத்தையே வளர்க்கும். "ஒரு தாத்தா சாமியிடம் போய்விட்டார், அவர் உடம்பை அக்கினியிடம் ஒப்படைக்கிறார்கள்" என்று அமைதியாகச் சொன்னால் ஏழு வயதுக் குழந்தை ஏற்றுக்கொள்ளும். அடுத்து, "நீங்களும் போவீர்களா, தாத்தா?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு ஆயத்தமாக இருக்க வேண்டியவர் தாத்தா. யமன் வாசலில் மூன்று இரவுகள் காத்திருந்து மரணத்தைப் பற்றியே கேட்ட நசிகேதன் ஒரு சிறுவன். அவனை அதட்டி அனுப்பாமல் யமனே விடை சொன்னான். லோகிதாசனின் கதையையும் அங்கே சொல்லலாம். பாம்பு தீண்டிய பிள்ளை முடிவில் உயிர் பெற்று எழுந்தான் என்பதுவரை சொல்லி முடிக்க வேண்டும், பாதியில் நிறுத்தக் கூடாது.

கயையைக் குழந்தைகளின் பயணத்தில் சேர்க்காதிருப்பது நன்று. பிண்டப் பிரதானம் முடியப் பல மணி நேரமாகும். கர்த்தாவின் கவனம் குழந்தையின் பசியிலும் அழுகையிலும் சிதறினால் இரண்டுமே கெடும். பெரியவர்கள் பிரயாகை, கயை காரியங்களை முடித்துக்கொண்டு காசிக்குத் திரும்பும் நாளில், மகனோ மகளோ குழந்தைகளோடு நேரே காசிக்கு வந்து சேர்ந்துகொள்ளும் ஏற்பாடு சிறந்தது. காசியில் மூன்று நாட்கள் போதும்.

அந்த மூன்று நாட்களிலும் குழந்தைக்கென்று சில பொழுதுகள் வேண்டும். விடியற்காலைப் படகுப் பயணம் மாலை ஆரத்திக் கூட்டத்தைக் காட்டிலும் அவர்களுக்கு உகந்தது. மிதவைச் சட்டை அணிவித்த பின்னரே படகில் ஏற்ற வேண்டும். குளிர்காலத்தில் வெண்ணிறக் கடற்காகங்கள் படகைச் சூழ்ந்து பறக்கும். கோதோலியாவை அடுத்த நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதரின் பூசைக்குரிய பொருள்களை 'சம்போ' என்ற முழக்கத்தோடு எடுத்துச் செல்வதை ஒருமுறை காட்டலாம். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நம்மவர்கள் நடத்திவரும் கைங்கரியம் அது. இந்துப் பல்கலைக்கழக வளாகத்தின் புதிய விசுவநாதர் கோயிலில் மரநிழலும் திறந்த வெளியும் உண்டு. விசுவநாதர் சந்தில் வண்ணம் தீட்டிய மரப் பொம்மைகள் கிடைக்கும். காலபைரவர் சந்நிதியில் கட்டும் கறுப்புக் கயிற்றை ஊருக்குத் திரும்பியபின் வகுப்புத் தோழர்களிடம் காட்டாத குழந்தை இல்லை. சாரநாத் பத்துக் கிலோமீட்டர் தொலைவுதான். நான்முகச் சிங்கத் தூணின் தலைப்பகுதி உள்ள அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இன்னொன்று. விசுவநாதர் கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுசெல்ல அனுமதி இல்லை. கூட்டத்தில் கை நழுவினால் அழைத்துப் பேச வழியில்லை. குழந்தையின் பெயர், தங்கியிருக்கும் சத்திரத்தின் பெயர், அதன் தொலைபேசி எண் ஆகியவற்றை இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பைக்குள் ஊசி குத்தி வைக்கலாம். வெளியே கைப்பேசியைப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைக்கும்போதே, பிரிந்தால் எந்த வாசலில் சந்திப்பது என்பதையும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். தாத்தாவின் சட்டைப் பையிலும் அப்படி ஒரு சீட்டு இருக்கட்டும்.