சிரமத்துக்கு ஒரு பாராட்டுப் பத்திரம்

சமீபத்தில் ஒரு கல்யாண வீட்டில், பந்திக்குக் காத்திருந்த வேளையில், கணினி விளையாட்டுகளில் மிகுந்த அப்பியாசமுள்ள வாலிபர் ஒருவர் என்னிடம் வெகு நிதானமாக ஒரு தீர்ப்பை வழங்கினார்: டூம் என்னும் துப்பாக்கி விளையாட்டு வரிசையிலே 1993-இல் வந்த முதலாவது குழந்தைகளுக்கானது, 1994-இல் வந்த இரண்டாம் பாகம் சற்றுத் தேவலாம், 1996-இல் வந்த புளூட்டோனியாவே சர்வோத்தமம், ஏனெனில் அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. அன்று பந்தியில் பரிமாறியதெல்லாம் எனக்குச் சுகமாக ஜீரணமாயிற்று. அந்த ‘ஏனெனில்’ மாத்திரம் இன்னும் ஆகவில்லை. அவரைத் தனியே நொந்து பயனுமில்லை; இந்த விளையாட்டைத் தொட்டவர்களில் பாதிப் பேர், எது தங்களை அதிகமாக உதைத்ததோ அதுவே உயர்ந்தது என்னும் சித்தாந்தத்தைப் பரம்பரைச் சொத்துப் போலக் காத்து வருகிறார்கள்.

இந்தக் கட்சியாரை நான் கேட்பது ஒன்றே. அப்படியானால் ஹாங்கருக்கு என்ன சமாதானம்? முதலாவது டூமில் ஜான் ரொமேரோ நிர்மாணித்த அந்த முதல் லெவலில், ஆட்டம் தொடங்கும் அறையிலேயே ஒரு ஜன்னல் இருக்கிறது, அதன் வழியே வெளிமுற்றமும் அங்கே நீலக் கவசமும் தெரிகின்றன, போவதற்குத்தான் கதவில்லை. ஆசையைக் காட்டி வழியை ஒளித்துவைத்த அந்தச் சாமர்த்தியத்தினால், நச்சுக் குட்டையின் மேல் நெளிந்து செல்லும் பாலத்தைக் கடந்து, உயரத்தில் நின்று தீப்பந்து வீசும் இம்ப்களைத் தீர்த்துக்கட்டிய பின்னும், வெளியேறும் பொத்தானை அமுக்க மனம் வராமல் சுவர் சுவராகத் தட்டிக்கொண்டு திரிகிறோம். வெளியே தெரிகிற இடத்துக்குப் போக முடிய வேண்டும், தரையின் தோற்றம் மாறினால் உயரமும் மாற வேண்டும், வெளிச்சத்தின் பக்கத்தில் இருள் இருக்க வேண்டும், கடந்து வந்த இடத்துக்கே மீண்டும் வர நேர வேண்டும் என்றெல்லாம் தமக்குத் தாமே நியமங்கள் விதித்துக்கொண்டவர் ரொமேரோ. அந்த நியமங்களில் அரக்கர்களின் எண்ணிக்கையைப் பற்றிப் பிரஸ்தாபமே கிடையாது. ஹாங்கரில் செத்துப் போவதற்குத் தனித் திறமை வேண்டும். ஆயினும் டூம் என்ற மாத்திரத்தில் முதலில் கண்முன் வருவது எது? புளூட்டோனியாவின் பன்னிரண்டாம் லெவலா, இருபதாம் லெவலா? சொல்லட்டும், கேட்கிறேன்.

இன்னொரு விஷயம். இந்த விளையாட்டில் சிரமம் ஐந்து தரமென்று பட்டியலில் காண்கிறது. உள்ளே அரக்கர்களையும் மருந்துப் பெட்டிகளையும் நிறுத்திவைத்த ஏற்பாடோ மூன்றுதான். முதலிரண்டு தரங்களுக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, கடைசி இரண்டுக்கும் ஒன்று. அதிசுலபத் தரத்தில் அடி பாதியாகிறது, தோட்டா இருமடங்காகிறது. நைட்மேர் என்னும் கடைசித் தரத்தில் அரக்கர்கள் விரைகிறார்கள், செத்தவர்கள் எழுந்து வருகிறார்கள். சுவர், படி, கதவு, ஜன்னல் ஆகிய யாவும் ஐந்திலும் ஒன்றே. சிரமந்தான் சிறப்பென்றால், அதே ஹாங்கர் பட்டியலில் நாம் தொடும் வரிக்குத் தக்கபடி ஒரு க்ஷணத்தில் மட்டமாகவும் மறுக்ஷணத்தில் மகோன்னதமாகவும் ஆகிவிட வேண்டும்! படிக்கட்டு செங்குத்தாக இருக்கிறது, ஏறுகிறவனுக்கு மூட்டு வலிக்கிறது என்பதற்காக வீடு கட்டிய மேஸ்திரியைப் புகழ்வார் உண்டோ?

முதல் டூமில் 1995-இல் சேர்ந்த நான்காம் அத்தியாயத்தில், அதே ரொமேரோ செய்த பர்ஃபெக்ட் ஹேட்ரட் என்ற இரண்டாம் லெவல், பின்னால் வருகிற பலவற்றைக் காட்டிலும் கொடியது. ஏறுவரிசையில் வளர வேண்டிய பரீட்சை வாசற்படியிலேயே தலையில் விழுகிறது. இதையும் பிரமாதம் என்கிறார்கள். இரண்டாம் பாகத்தில் சாண்டி பீட்டர்ஸன் செய்த த காஸம் என்ற லெவலிலோ, ஒடுங்கிய விளிம்புகளின் மேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பதே பெரும்பாடு. அந்தப் பீட்டர்ஸன், முதல் விளையாட்டு வெளிவரப் பத்து வாரமே இருக்கும்போது வந்து சேர்ந்து, அதன் லெவல்களில் பெரும்பகுதியை முடித்துக் கொடுத்த அசகாயசூரர். அவரிடம் எனக்கு மரியாதை உண்டு. விளிம்பில் நடக்கவைத்ததற்காக அந்த மரியாதை கூடவில்லை.

இந்த வீரர்கள் ஆடுகிற அழகையும் பார்க்க வேண்டும். ஒரு மூலை திரும்புமுன், செத்தால் அங்கிருந்தே தொடர ஆட்டத்தைப் பதிந்துவைக்கும் ஒரு சேவ். திரும்பிய பின் ஒரு சேவ். ஓர் அரக்கன் விழுந்தால் அதற்கொரு சேவ். இவ்வாறு தவணை முறையில் சம்பாதித்த வெற்றியை, ஒரே மூச்சில் கடலைத் தாண்டியவர் போல வந்து வர்ணிக்கிறார்கள். நைட்மேரைத் தேர்ந்தெடுத்தால், இதில் நியாயம் என்பது துளியும் இல்லை, சம்மதந்தானா என்று விளையாட்டே எச்சரித்துக் கேட்கிறது. செய்தவர்களே அநியாயமென்று எழுதிக் கொடுத்த பின்பும் அதைக் கலையின் சிகரமென்று சாதிப்பவர்களோடு யார் வழக்காடுவது?

இந்தப் பக்தியின் பலன் இன்றைய விளையாட்டுகளில் தெரிகிறது. 2016-இல் புதிதாக வந்த டூமில், பல அறைகளில் நுழைந்தவுடன் கதவுகள் பூட்டிக்கொள்கின்றன; உள்ளே உள்ளவர்களை ஒழித்தால்தான் திறக்கின்றன. ஒழித்த பிறகு எங்கே போவது என்று யோசிக்கவும் அவசியமில்லை. திரையில் ஒரு குறி வந்து, சிறு பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துப்போவது போல அழைத்துப்போகிறது. கைக்கு மூச்சுத் திணற வேலை, மூளைக்குச் சம்பளத்தோடு விடுமுறை! 2004-இல் வந்த மூன்றாம் பாகம் வேறு மார்க்கம் கண்டது: விளக்கைப் பிடித்தால் துப்பாக்கி இல்லை, துப்பாக்கியைப் பிடித்தால் விளக்கில்லை. இருட்டில் முட்டிக்கொள்வதும் சிரமந்தானே, அதற்கும் ஒரு பத்திரம் வாசித்துக் கொடுத்துவிடலாம். ஹாங்கரிலும் இருட்டறை உண்டு. அங்கே நடப்பதற்கு யாரும் ஒரு கையைக் கட்டிப்போடவில்லை.

புளூட்டோனியாவைச் செய்த காஸாலி சகோதரர்கள் கெட்டிக்காரர்கள். ஆர்ச்வைல் என்னும் அரக்கனை எந்தத் தூணின் பின்னால் நிறுத்தினால் நாம் ஓட இடமின்றித் தவிப்போம் என்பதை நன்கு அறிந்தவர்கள். அந்த அறிவு இடத்தைப் பற்றிய அறிவு என்பது இவர்களுடைய பக்தர்களுக்கு மாத்திரம் புலப்படுவதில்லை. கட்சியார் தங்கள் சாதனைக்கு அத்தாட்சியாகச் சதா உச்சரிப்பது, புளூட்டோனியாவில் 32-ஆவதாக ஒளித்துவைத்திருக்கும் கோ டு இட் என்ற ரகசிய லெவல். சைபர்டீமன் என்னும் அரக்கர்களும் ஆர்ச்வைல்களும் சந்தைக் கூட்டமாக நெருங்கி நிற்கும் அந்த மகா பயங்கரமான ஸ்தலத்தின் அமைப்பு எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார்களா? இரண்டாம் பாகத்தின் முதல் லெவலான என்ட்ரிவேயிலிருந்து வந்தது. கைப்பழக்கம் இல்லாதவனும் சில நிமிஷங்களில் கடந்துவிடக்கூடிய, இவர்கள் குழந்தைகளுக்கென்று ஒதுக்கிவைக்கிற, அதே என்ட்ரிவேயிலிருந்து.