வலி நம் தலைவிதியல்ல

தலைக்கயிற்றில் கொழுந்துக் கூடை சுமக்கும் நம் பெண்களின் கழுத்தும் தோளும் இறுகிக் கிடக்கின்றன. தைலம் தேய்த்தால் இரவு தூக்கம் வரும். மறுநாள் மலையேறினால் வலியும் கூடவே ஏறும்.

களுபோவிலயில் உள்ள கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை போன்ற அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபி இலவசம். இறுகிய தசையைக் கையால் அழுத்தி இளக்கி, வீட்டில் செய்யும் பயிற்சியும் சொல்லித் தருவார்கள். ஆனால் ஒரே நாளில் தீராது, பலமுறை போகவேண்டும். வெள்ளவத்தையில் கடைவேலை செய்யும் மகனுக்கு அது ஒரு பஸ் தூரம். மலையிலுள்ள தாய்க்கோ ஒவ்வொரு கிளினிக்கும் ஒரு நாள் சம்பளம்.

ஆகவே கேட்கிறோம்: கிளினிக் நாளுக்குப் பேர் போடவேண்டும், பிசியோதெரபி தோட்டத்துக்கே வரவேண்டும்.

தோழர்களே, கால் மரத்தாலோ சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ உருவிவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.