தகுந்த காரணம்

கைத்துப்பாக்கி வாங்குவதா வேண்டாமா என்பது ஒரு சிறுபத்திரிகையில் எழுதத்தக்க விஷயமா என்று சிலருக்குத் தோன்றலாம். தோன்றட்டும். நம் கவிதைகளில் துப்பாக்கிகள் வெடித்துக்கொண்டேதான் இருக்கின்றன. புரட்சிக்கு ஒன்று, தற்கொலைக்கு ஒன்று, காதல் தோல்விக்கு ஒன்று. எழுதுகிறவர்களில் ஒரு தோட்டாவைக் கையில் வைத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று நாம் கேட்பதில்லை. படிமமாக வருகிறபோது யாருக்கும் ஆட்சேபமில்லாத ஒன்று, உரிமம், விலை, எடை, இடுப்பில் உறுத்தும் உறை என்று ஸ்தூலமாக வருகிறபோது மட்டும் இலக்கியத்துக்குப் புறம்பானதாகிவிடுமா? நான் அப்படி நினைக்கவில்லை.

எனக்கு இது படிமம் அல்ல. கள்ளக்குறிச்சியில் மலைச்சரக்கு வியாபாரம் செய்கிறவன் நான். கடுக்காய்க்கும் மரவள்ளிக்குமாக வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் போய், பணம் கொடுத்து, சரக்கு எடுத்து, கச்சிராயபாளையம் வழியாக இறங்கி வருகிறவன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். யார் விற்றார்கள் என்பதைவிட, யார் யாரெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினேன். அது வெளிவந்த சில வாரங்களில் முன்பின் தெரியாத இருவர் கடைக்கு வந்தார்கள். “மலைப் பக்கம் வர்றதக் கொஞ்சம் கொறச்சிக்குங்கண்ணே, ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்” என்று மிகுந்த மரியாதையோடு சொல்லிவிட்டுப் போனார்கள்.

இதைக் கேள்விப்பட்ட எழுத்தாள நண்பர்கள் சொன்ன யோசனைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். “லைசென்ஸ் போட்டு சின்னதா ஒரு பிஸ்டல் வாங்கி வச்சுக்குங்க. சட்டைக்குள்ள இருந்தா யாருக்குத் தெரியப்போகுது?” ஒருவர் கௌரி லங்கேஷின் பெயரையும் சொன்னார். அக்கறையோடு சொன்னார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அக்கறைக்குள் ஒளிந்திருக்கிற பார்வையோடு எனக்குச் சண்டை இருக்கிறது. நான் வாங்கப் போவதில்லை. அஹிம்சை, காந்தியம் என்று பெரிய வார்த்தைகளால் எடுத்த முடிவு அல்ல இது. என் பயம் ‘காரணம்’ ஆகிறது, மலைக்காரனின் பயம் ‘குற்றம்’ ஆகிறது. இந்த ஏற்பாட்டுக்கு என் இடுப்பையும் கொடுக்க நான் தயாராக இல்லை.

முதலில் சட்டம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவை நம்மவர்கள் யாராவது படித்திருந்தால் ஆச்சரியப்படுவேன். அது இரண்டு விதமான மனுதாரர்களைப் பற்றிப் பேசுகிறது. பயிர்ப் பாதுகாப்புக்காக, குழல் வாய் வழியே மருந்து இடித்துச் சுடும் துப்பாக்கியை ஒரு குடிமகன் மெய்யாகவே கேட்டால் உரிமம் வழங்க வேண்டும் என்பது ஒன்று. கைத்துப்பாக்கி போன்ற மற்றவற்றைக் கேட்பவருக்கு, ‘தகுந்த காரணம்’ இருப்பதாக அதிகாரி திருப்தியடைந்தால் வழங்கலாம் என்பது மற்றது. அடுத்த பிரிவு இன்னும் ஒரு படி போகிறது: போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் வைத்து யாருக்கும் உரிமத்தை மறுக்கக் கூடாது என்கிறது. ஆக, எழுத்தளவில் இந்தச் சட்டம் எனக்கு முன்னால் கல்வராயன் மலை விவசாயியைத்தான் நிறுத்தியிருக்கிறது. அவனுடைய துப்பாக்கியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. என்னுடையதைத்தான் சந்தேகத்தோடு ‘காரணம் என்ன?’ என்று கேட்கிறது.

நடைமுறையில் இது அப்படியே தலைகீழ். நான் காரணம் சொல்லத் தெரிந்தவன். ரொக்கத்தோடு மலையிறங்குகிறேன், கட்டுரை எழுதினேன், மிரட்டினார்கள் என்று மூன்று பத்தியில் எழுதிவிடுவேன். மருத்துவச் சான்று, பயிற்சிச் சான்று, போலீஸ் விசாரணை எல்லாவற்றையும் கடந்துவிடுகிற படிப்பும் பழக்கமும் எனக்கு உண்டு. விளைந்த மரவள்ளியை ஒரே ராத்திரியில் காட்டுப் பன்றிகள் கிளறிவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மலைக்காரரும் காரணம் உள்ளவர்தான். ஆனால் என்னோடு வியாபாரம் செய்கிறவர்களில் உரிமத்துக்கு மனுப் போட்ட ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. மனுப் போடலாம் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. துப்பாக்கிகளை ஒப்படைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வழக்கு என்ற போலீஸ் அறிவிப்புதான் அவர்கள் காதுக்கு எட்டியிருக்கிறது.

இங்கே வார்த்தைகளைக் கவனிக்க வேண்டும். வார்த்தைகளைக் கவனிப்பதுதானே நம் தொழில் என்று சொல்லிக்கொள்கிறோம். நாட்டுச் சர்க்கரை, நாட்டுக் கோழி, நாட்டு வைத்தியம் என்றால் நகரத்து நாக்கு இனிக்கிறது. கூடுதல் விலை கொடுக்கிறது. அதே ‘நாட்டு’ துப்பாக்கிக்கு முன்னால் வந்து நின்றதும் போலீஸ் வாடை அடிக்கிறது. தினசரிகளுக்கு அதுவும் போதவில்லை; ‘கள்ளத்துப்பாக்கி’ என்கின்றன. கள்ளச்சாராயம், கள்ளத்துப்பாக்கி, கள்ளக்குறிச்சி என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிச் சிரிக்கிற வெளியூர்க்காரர்களை எங்களுக்குப் பழக்கம். என் சட்டைக்குள் ஒளிந்திருக்கப் போகிற பிஸ்டலுக்கு மட்டும் ‘தற்காப்பு’ என்று சுத்தமான பெயர். ஒளிப்பதிலும் பேதம் உண்டு. புதரில் ஒளித்தால் குற்றம்; 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி உறையில் போட்டு மூடி எடுத்துச் சென்றால் ஒழுங்கு.

மலைத் துப்பாக்கியை நான் புனிதப்படுத்தவில்லை. அது பயிர் காக்க மட்டும் வெடிப்பதில்லை, வேட்டைக்கும் போகிறது. வேட்டை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். புதரில் அசைந்தது பன்றி என்று நினைத்து ஆளைச் சுட்ட பரிதாபங்களும் தமிழ்நாட்டு மலைகளில் நடந்திருக்கின்றன. உரிமம் என்ற ஒன்று வேண்டும் என்பதற்கே இவை போதும். யாருக்கு வாசல் திறக்கிறது என்பதுதான் என் கேள்வி.

‘எல்லாருக்கும் ஒரே சட்டம்’ என்று பதில் வரும். அதுவும் உண்மையில்லை. பக்கத்துக் குடகில் கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு உண்டு. வெள்ளைக்காரன் கொடுத்த சலுகை. 2019-இல் மத்திய அரசு அதைப் பத்து ஆண்டுகளுக்கு நீட்டித்தது. எதிர்த்துப் போடப்பட்ட வழக்கை 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கொடவர்கள் மீது எனக்குப் பொறாமையில்லை. ஆனால் ஒரு மலையின் துப்பாக்கி பாரம்பரியம், பண்டிகையில் பூஜைக்குரியது, இன்னொரு மலையின் துப்பாக்கி பறிமுதலுக்குரியது என்றால், இரண்டுக்கும் இடையில் இருப்பது வரலாற்றில் ஆளுகிறவனோடு யாருக்கு எந்த உறவு இருந்தது என்பது மட்டுமே. கல்வராயன் மலையாளிப் பழங்குடிகள் 1970-களின் நடுப்பகுதி வரை ஜாகீர்தார்களின் கீழ் கிடந்தவர்கள். அவர்களுக்காக எந்த ராஜாங்கமும் வீர மரபுச் சான்றிதழ் எழுதி வைக்கவில்லை.

இந்த மலைகளின் ஆட்கள் துப்பாக்கியை அதன் மறுமுனையிலிருந்தும் அறிவார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 பேரை அந்த மாநிலத்து அதிரடிப் படை சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்து ஏழைகள், மலைவாசிகள் பலர். சுட்டவர்கள் சொன்ன காரணமும் தற்காப்புதான்.

இனி, நண்பர் சொன்ன பெயருக்கு வருகிறேன். கௌரி லங்கேஷை 2017 செப்டம்பர் 5 அன்று பெங்களூரில் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டார்கள். எம்.எம். கல்புர்கியை 2015 ஆகஸ்ட் 30 அன்று தார்வாடில், கதவைத் தட்டி வரவழைத்துச் சுட்டார்கள். ராஜினி திராணகமவை 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில், சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டார்கள். மூவரில் யார் இடுப்பில் பிஸ்டல் இருந்திருந்தாலும் என்ன நடந்திருக்கும்? நேரத்தையும் இடத்தையும் தேர்ந்தெடுக்கிறவன் கொலைகாரன். எழுதுகிறவனோ கதவைத் திறக்கிறவன். கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கை இடுப்பில் இருக்க வேண்டுமென்றால், அவன் எழுதுவதை நிறுத்திவிட்டான் என்று பொருள். இந்த மூவரின் பெயரைச் சொல்லி எனக்குத் துப்பாக்கி சிபாரிசு செய்வது அவர்கள் எதை நம்பி வாழ்ந்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ளாத காரியம்.

தமிழனுக்கு இன்னும் பக்கத்து உதாரணம் 1967 ஜனவரி 12. எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டது சண்டைக்களத்தில் அல்ல, பேசப் போன வீட்டில். பல படங்களில் சேர்ந்து நடித்தவர்களுக்கு இடையில். பேச்சு முற்றியபோது கைக்கு எட்டும் இடத்தில் துப்பாக்கி இருந்தது, அவ்வளவுதான். இருவரும் பிழைத்தார்கள், எம்.ஜி.ஆரின் குரல் பிழைக்கவில்லை. ஒளித்து வைத்த கைத்துப்பாக்கி முன்பின் தெரியாத எதிரிக்காகக் காத்திருக்கிறது என்பது ஒரு கற்பனை. தெரிந்தவர்களோடு உட்கார்ந்து பேசும் அறைக்குள்ளும் அது கூடவே வந்து உட்காருகிறது.

விலையையும் பார்க்கலாம். டில்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடுமைக்குப் பின், பெண்களின் கைப்பையில் அடங்கும்படி அரசாங்கமே 2014-இல் கான்பூரில் ஒரு சிறு ரிவால்வரைச் செய்து வெளியிட்டது. எடை சுமார் அரைக் கிலோ. பெயர் ‘நிர்பீக்’, பயமற்றது என்று பொருள். விலை 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல். இரவில் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்ணுக்கு பஸ்ஸையும் விளக்கையும் கொடுக்க வேண்டிய அரசு, பணமுள்ள பெண்ணுக்கு மட்டும் பயமின்மையை விற்கக் கிளம்பிய கதை இது. தனியாக, உண்மையான உயிராபத்தில், போலீசும் கைவிட்ட நிலையில் ஒருத்தி துப்பாக்கி கேட்டால் நான் அவளைக் கேலி செய்யமாட்டேன். ஆனால் விலைச்சீட்டு ஒட்டிய அபயம் பொது அபயம் ஆகாது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் கைத்துப்பாக்கியை வெளியில் எடுத்துச் செல்ல நூறாண்டுக்கு மேலாக விசேஷக் காரணம் கேட்டு வந்தது. 2022-இல் அவர்களது உச்ச நீதிமன்றம், அப்படிக் கேட்பதே தவறு என்று தீர்ப்பளித்தது. நம்மில் சிலர் அதை விடுதலையாகப் பார்க்கிறார்கள். எனக்குக் காரணம் கேட்கிற சட்டமே மேல். ஆனால் கேட்கிற வாய் எல்லாரிடமும் ஒரே குரலில் கேட்க வேண்டும்.

என் விஷயத்தில் காரணம் எவ்வளவு தூரம் போகிறது? ஒரு கைத்துப்பாக்கியால் குறி வைக்க முடிகிற தூரம் கல்யாண மண்டபத்தின் நீளத்தைத் தாண்டாது. கருணாபுரத்தில் அத்தனை பேரைக் கொன்றது பாக்கெட்டில் வந்தது. அதை யாரும் எந்த பிஸ்டலாலும் தடுத்திருக்க முடியாது. என்னை மிரட்டியவர்களின் பலம் அவர்கள் கையில் இருக்கக்கூடிய ஆயுதம் அல்ல. தெருவே பார்த்துக்கொண்டு பேசாமலிருந்ததுதான். போதாக்குறைக்கு, தேர்தல் வந்தால் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைப் பொதுவாக ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். எங்கள் ஊரில் சாராயமும் பணமும் மிகுதியாக நடமாடுகிற அந்த நாட்களில் என் தற்காப்பு அலமாரியில் பூட்டிக் கிடக்கும்!

இன்னொன்றும் உண்டு. மலையில் நான் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவன். விலை பேசுகிறேன், பழைய கதை கேட்கிறேன், சமயத்தில் திட்டு வாங்குகிறேன். என் சட்டைக்குள் ஒன்று இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். தெரிந்த பிறகு எதிரில் இருப்பவரின் கை எங்கே போகிறது என்றுதான் கண் பார்க்கும், முகத்தைப் பார்க்காது. அப்புறம் நான் எழுதுவது போலீஸ் அறிக்கையாக இருக்கும்.

ஆகவே செய்திருப்பதைச் சொல்லிவிடுகிறேன். மிரட்டலைத் தேதியோடு எழுத்தில் புகாராகக் கொடுத்திருக்கிறேன். ரொக்கத்தைக் குறைத்து, முடிந்தவரை கணக்கில் செலுத்துகிறேன். இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிறேன். மலைக்குப் போவதைக் குறைக்கவில்லை. இந்த மாதத்திலிருந்து, கேட்கிற விவசாயிகளுக்கு 13-ஆம் பிரிவைச் சொல்லி, பயிர்ப் பாதுகாப்புக்கான உரிம மனுக்களை எழுதித் தருவதாக முடிவு செய்திருக்கிறேன். முதலாவதாக நான்கு பேர் வரச் சொல்லியிருக்கிறார்கள். என் உயிர் மேல் அக்கறை கொண்ட நண்பர்கள் பிஸ்டலின் பெயரை எழுத வேண்டாம். இந்த மனுக்கள் நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீட்டில் வாதாடத் தெரிந்த ஒரு வழக்கறிஞரின் பெயரை எழுதட்டும்.