பெண்கள் ரக்பி ஆடலாகாதா?

சென்ற பருவத்தில் நம் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. மகளிர் ரக்பி, எழுவர் ஆட்டம். விருப்பமுள்ள மாணவியர் பெயர் கொடுக்கலாம் என்று. ஒன்பது பேர் கொடுத்தோம். பெற்றோர் ஒப்புதல் கடிதம் கேட்டதும் ஐந்து பெயர்கள் அடிக்கப்பட்டன. ஏழு பேர் ஆடும் ஆட்டத்துக்கு நால்வர் போக முடியுமா? அணி போகவில்லை.

அந்த ஐவரை நான் குறை கூற மாட்டேன். அவர்கள் வீட்டில் எழுந்த கேள்விதான் என் வீட்டிலும் எழுந்தது. "முகத்திலே தழும்பு விழுந்தா நாளைக்கு யாருடி கட்டிக்குவாங்க?" என்றார் அம்மா. அறுவடை நாட்களில் நெற்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு வழுக்கும் வரப்பில் நடப்பவர் அவர். அந்தச் சுமை பெண்மைக்கு ஒவ்வாதது என்று ஊரில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. கூலிக்குச் சுமந்தால் உழைப்பு. பந்தைச் சுமந்து ஓடினால் மட்டும் அடங்காத்தனமா?

பள்ளியில் நமக்குக் கிடைத்தவை என்ன? வளையப்பந்து, எறிபந்து. நல்ல ஆட்டங்களே. ஆனால் இரண்டிலும் நடுவே ஒரு வலை உண்டு. எதிரே நிற்பவளை நாம் தொடுவதே இல்லை. கபடி இருக்கிறதே என்பீர்கள். ஆம். இந்திய மகளிர் கபடி அணி 2010, 2014 ஆசிய விளையாட்டுகளிலும், 2023இல் ஹாங்சோவில் நடந்ததிலும் தங்கம் வென்றது. கணுக்காலைப் பிடித்து இழுத்து மண்ணில் சாய்க்கும் கபடியை ஏற்றுக்கொண்ட ஊர், ரக்பி என்றதும் ஏன் மருள வேண்டும்? பெயர் புதிது, பந்து கோணல் என்பதாலா?

உண்மையில் இது நமக்கு அவ்வளவு அந்நியமும் அன்று. 1870களில் கல்கத்தாவில் வெள்ளையர் ஒரு ரக்பி சங்கம் நடத்தினர். அது கலைந்தபோது, வங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக வாங்கி உருக்கி ஒரு கோப்பை செய்து இங்கிலாந்துக்குக் கொடுத்தார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதுவது அந்தக் 'கல்கத்தாக் கோப்பை'க்குத்தான். நம் ரூபாயின் வெள்ளி போயிற்று. ஆட்டமாவது நமக்கு மிஞ்சட்டுமே!

எழுவர் ஆட்டம் பதினான்கே நிமிடம்; பாதிக்கு ஏழு. எதிரியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தினால் ஐந்து புள்ளி, அதன்பின் கம்பங்களுக்கிடையே உதைத்தால் இன்னும் இரண்டு. என்னைக் கவர்ந்தது ஒரே விதி: கையால் பந்தை முன்னோக்கி எறியக் கூடாது. பின்னாலோ பக்கவாட்டிலோ வருபவளுக்குத்தான் கொடுக்க வேண்டும். எனவே முன்னே ஓடுகிறவள் எவ்வளவு வேகக்காரியானாலும், பின்னே ஒருத்தி வராவிட்டால் அகப்பட்டுக்கொள்வாள்.

இயற்பியல் படிப்பவள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். உருவம் பெரியவளின் உந்தம் பெரிதுதான். ஆனால் அவளது புவியீர்ப்பு மையத்துக்குக் கீழே, தொடைகளைச் சேர்த்து அணைத்துவிட்டால் சிறியவளும் சாய்த்துவிடலாம். வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படித்தது இங்கே விளங்கிற்று.

இந்திய மகளிர் பதினைவர் அணி முதன்முதலாகப் பன்னாட்டு ஆட்டம் ஆடியது 2018இல். மறு ஆண்டு ஜூனில் மணிலாவில் சிங்கப்பூரை 21–19 என்று வென்றது. கடைசி நிமிடங்களில் தண்டனை உதை மூலம் வெற்றியைத் தந்தவர் ஒடிசாவின் பழங்குடிப் பெண் சுமித்ரா நாயக். வசதி படைத்தோர் ஆட்டம் என்பவர்கள் இந்தப் பெயரை நினைவில் கொள்ளட்டும். 2025 செப்டம்பரில் லண்டனில் நடந்த மகளிர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தைக் காண எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர்.

அடிபடாதா? படும். மறைப்பது நேர்மையாகாது. தோளுக்கு மேல் பிடிப்பது குற்றம். தலையில் அடி என்று ஐயம் எழுந்தாலே வெளியேற்ற வேண்டும் என்பது விதி. ஆனால் விதி வேறு, நம் மைதானம் வேறு. கட்டாந்தரையில் விழுந்து பழகச் சொன்னால் அம்மா சொன்னது சரியாகிவிடும். முதலில் இடுப்பு நாடாவைப் பறிக்கும் தொடுகையற்ற ஆட்டமே போதும். பிறகு நீளம் தாண்டும் குழியில் இரண்டு வண்டி மணல் கொட்டினால் விழக் கற்றுக்கொள்ளலாம். பல்காப்பு ஆளுக்கொன்று வேண்டும்.

இன்னொரு தடை இருக்கிறது. எவரும் அதைப் பேசுவதில்லை. பேருந்து! பயிற்சி மாலை நாலரைக்கு. எங்கள் ஊர் வண்டி நாலு நாற்பதுக்கு. அதை விட்டால் ஏழு மணி. எந்தத் தாய் ஒப்புவாள்? மாணவர்களுக்கு மாலை முழுவதும் மைதானம் இருக்கிறது. வாரத்தில் இரு நாள் காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை அதை எங்களுக்கு ஒதுக்கிவிட்டால் பாதித் தடை தீரும். மீதிப் பாதிக்குப் பேராசிரியப் பெருமக்கள்தாம் துணை. பிள்ளைக்குத் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் பெற்றோரை வரவழைக்கிறீர்கள். இதற்கும் ஒருமுறை வரவழைத்துப் பேசுங்கள், ஐயா. கல்லூரி வாசலை நாங்கள்தான் முதலில் மிதித்த வீடுகள் எங்களுடையவை. நாங்கள் சொல்லி எடுபடாதது உங்கள் வாயால் எடுபடும்.

விளையாட்டு அறையின் அலமாரி மேல் பந்து இருக்கிறது. சென்ற வாரம் காற்றடித்து வைத்தோம். நாங்கள் நால்வர். இன்னும் மூவர் வேண்டும்.